ஆட்டத்தில் வெல்வது அறிவா, அதிர்ஷ்டமா?

வென்றவன் தன் அறிவை மெச்சிக்கொள்கிறான்; தோற்றவன் தன் விதியை நொந்துகொள்கிறான். மனிதன் ஆடத் தொடங்கிய நாள் முதலாக இவ்வழக்கம் இருந்து வருகின்றது. ஆயின், ஓர் ஆட்டத்தில் அறிவின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதனை அளந்து கூறுதல் கூடுமா? கூடும் என்கிறது கணிதம். அவ்வாறு அளந்து கண்ட முடிவு, கைத்தொலைபேசியிற் பணம் வைத்து ஆடும் இளைஞரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

ஆட்டங்கள் யாவற்றையும் ஒரு நேர்கோட்டில் வரிசைப்படுத்திப் பார்ப்போம். அக்கோட்டின் ஒரு முனையிலே நிற்பது சதுரங்கம். அங்கே காய்கள் யாவும் இருவர் கண்ணுக்கும் வெளிப்படை. உருட்டுவதற்குக் கவறும் இல்லை. கலைப்பதற்குச் சீட்டும் இல்லை. மறுமுனையிலே நிற்பது லொத்தர். அங்கே பேரறிஞனும் எழுத்தறியாதவனும் ஒரே நிலையினர்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே நிற்பன பல. நம்மவர் வீடுகளில் ஆடப்பெறும் ‘முந்நூற்றுநான்கு’ என்னும் கடதாசி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். எந்தக் கடதாசி யார் கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். வந்ததைக் கொண்டு எவ்வளவுக்குக் கேட்பது, எதனைத் துரும்பாக வைப்பது, இறங்கியவற்றை நினைவிற்கொண்டு எஞ்சியவற்றை எங்ஙனம் ஊகிப்பது என்பன அறிவு. ஒரு கையில் நல்ல ஆட்டக்காரனும் தோற்பான். மாலைப்பொழுது முழுவதும் ஆடி முடித்த பின்னர் கணக்குப் பார்த்தால், நல்ல ஆட்டக்காரன் யாவன் என்பது பெரும்பாலும் புலனாகிவிடும். இச்சிறிய உண்மையே இனி நாம் கூறப்போகும் அனைத்திற்கும் அடிப்படை.

போக்கர் ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்காவிலே வளர்ந்து இன்று உலகெங்கும் ஆடப்படுவது போக்கர் என்னும் சீட்டாட்டம். 52 சீட்டுகளிலிருந்து 5 சீட்டுகளை 2,598,960 விதமாக எடுக்கலாம். இவற்றுள் யாவற்றினும் உயர்ந்த வரிசை நான்கு விதமாகவே அமையும். எனவே, அஃது ஒருவர் கைக்கு வரும் வாய்ப்பு 649,740 இல் ஒன்று. இவ்வளவில் நின்றிருந்தால் போக்கர் லொத்தருக்கு அடுத்த வீட்டுக்காரனாகவே இருந்திருக்கும்.

அதனை வேறாக்குவது பந்தயம் கட்டும் முறை. இன்று பெரிதும் ஆடப்படும் வகையிலே, ஒவ்வொருவருக்கும் பிறர் காணாத இரண்டு சீட்டுகள் கொடுக்கப்படும். எல்லோர்க்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் படிப்படியாக மேசைமேல் விரிக்கப்படும். இடையிடையே நான்கு முறை பந்தயம் கட்டவேண்டும். விரும்பாதவன் சீட்டை மடித்துவைத்து விலகலாம். எதிரிகள் யாவரும் விலகிவிட்டால், எஞ்சி நிற்பவன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்வான். ஆகவே, நல்ல சீட்டு வந்தவன்தான் வெல்லவேண்டும் என்பதில்லை. நல்ல சீட்டு வந்ததாகப் பிறரை நம்பச் செய்பவனும் வெல்லலாம். இவ்வாறு ஏமாற்றுதல் வெறுங் குறும்பன்று, அவ்வாட்டத்தின் கணிதமே அதனை வேண்டிநிற்கின்றது என்பதனை ஜோன் வொன் நொய்மன், ஒஸ்கார் மோர்கென்ஸ்ரேன் என்னும் இருவரும் 1944 இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் விளக்கிக் காட்டினர்.

எனினும், திறமை மிக்கவனையும் சீட்டு கைவிடுவதுண்டு. தொடக்கத்தில் இரண்டு ஆசுகள் கிடைப்பதே மிகச் சிறந்த கை. அது வருவது 221 முறைக்கு ஒருமுறை. அதனை எதிர்த்து ஒருவன் இரண்டு இராசாக்களை வைத்திருக்கின்றான் எனக் கொள்வோம். ஐந்து பொதுச் சீட்டுகளும் விரிந்து முடிகையில், ஆசு வைத்திருப்பவன் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 82. எஞ்சிய 18 எங்கே போயிற்று? அதுதான் அதிர்ஷ்டத்தின் பங்கு. பிழையேதும் செய்யாதவன் ஐந்தாறு முறைக்கு ஒருமுறை தோற்பான்.

பன்முறை ஆடினால் வெளிப்படும் உண்மை

அதிர்ஷ்டமும் அறிவும் கலந்திருக்கும் ஆட்டத்தில் அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஒரே வழிதான் உண்டு. பன்முறை ஆடிப் பார்த்தல் வேண்டும்.

இருவர் ஆடும் ஓர் ஆட்டத்தில் ஒருவன் மற்றவனிலும் சிறிது திறமையுள்ளவன்; சராசரியாக நூற்றுக்கு 55 ஆட்டங்களில் வெல்லக்கூடியவன் எனக் கொள்வோம். ஒரேயோர் ஆட்டம் ஆடினால் அவன் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45. பார்ப்பவர்க்கு இருவரும் சமமானவராகவே தோன்றுவர். நூறு ஆட்டங்கள் ஆடினால், முடிவில் அவன் முன்னிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 82 ஆக உயரும். ஆயிரம் ஆட்டங்கள் ஆடினாலோ, அவன் முன்னிற்காது போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றளவுக்குச் சுருங்கிவிடும். திறமை அதே திறமைதான். ஆட்டங்களின் தொகை பெருகப் பெருக அதிர்ஷ்டத்தின் ஆரவாரம் அடங்கிவிடுகின்றது.

போக்கர் ஆட்டத்தில் இதனைச் சோதித்தவர்கள் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லெவிற், தோமஸ் மைல்ஸ் என்னும் இருவர். 2010 இல் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற உலகப் போக்கர் போட்டித் தொடரை அவர்கள் ஆராய்ந்தனர். முன்னைய பெறுபேறுகளைக் கொண்டு திறமைசாலிகள் என முற்கூட்டியே குறிக்கப்பட்ட 720 பேர், சராசரியாகத் தாம் செலுத்திய பணத்தின்மேல் நூற்றுக்கு 30 வீதத்துக்கு மேல் இலாபம் பெற்றனர். ஏனையோர் நூற்றுக்கு 15 வீதத்துக்கு மேல் நட்டம் அடைந்தனர். லொத்தரில் இவ்வாறு நிகழாது. சென்ற ஆண்டு பரிசு பெற்றவர் இவ்வாண்டு பிறரிலும் நன்றாகச் சீட்டிழுப்பதில்லை.

இயந்திரமும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்ந்தது. 2017 ஆம் ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘லிபராட்டஸ்’ என்னும் கணினி நிரல், பிற்ஸ்பேர்க் நகரில் தொழின்முறைப் போக்கர் வீரர் நால்வரை எதிர்த்து 20 நாட்கள் ஆடியது. ஆடிய கைகள் 120,000. ஒருவருக்குக் கொடுத்த சீட்டுகளையே இடம் மாற்றி, அவருடைய கூட்டாளியின் மேசையில் இயந்திரத்துக்குக் கொடுத்தனர். சீட்டு வந்த நற்பேற்றினால் வென்றது என்று எவரும் கூறலாகாது என்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம். முடிவில் இயந்திரம் 17 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள வில்லைகளால் முன்னின்றது. அதிர்ஷ்டத்தை விலக்கி அறிவைக் காண்பதற்கு இத்துணை ஏற்பாடும் இத்துணை ஆட்டங்களும் வேண்டியிருந்தன என்பதை நாம் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கற்பனை அணி

இனி, ஆங்கிலத்தில் ‘பன்டசி’ ஆட்டம் என வழங்குவதைக் காண்போம். உண்மையான போட்டியில் ஆடவிருக்கும் வீரர்களிலிருந்து நாமே ஓர் அணியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அவ்வீரர்கள் களத்தில் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் ஏற்ப நமது கற்பனை அணி புள்ளிகளைப் பெறும். 1980 இல் டானியல் ஓக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பர்களும் நியூயோர்க் நகரில் பேஸ்போல் ஆட்டத்தை வைத்து இதனை ஒழுங்குபட நடத்தினர். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரையே தங்கள் குழுவுக்கும் சூட்டினர். அக்காலத்தில் ஓர் அணியைத் தெரிந்தால் ஆண்டுப் பருவம் முழுவதும் அதனைப் பேணவேண்டும். இணையம் பரவிய பின்னரோ, ஒரு நாளுக்கு ஓர் அணி, ஒரு போட்டிக்கு ஓர் அணி என்றாயிற்று. கிரிக்கெட் ஆட்டத்திலும் அது வேரூன்றிவிட்டது.

இதில் அறிவுக்கு இடமில்லை எனல் தவறு. ஆடுகளத்தின் தன்மை, எதிரணிப் பந்துவீச்சு, ஒருவர் எத்தனையாவதாகத் துடுப்பெடுத்தாடுவார், இறுதி ஓவர்களை யார் வீசுவார் என்பனவற்றை அறிந்தவன் அறியாதவனிலும் நல்ல அணியைத் தெரிந்தெடுப்பான். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் அனெற் ஹோசோய் அம்மையாரும் பிறரும் 2018 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பருவத்தின் முற்பாதியில் நன்றாக ஆடியோர் பிற்பாதியிலும் நன்றாக ஆடினரா என்பதை நோக்கினர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதாயின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் தொடர்பு இராது. கற்பனை அணி ஆட்டத்திலோ தொடர்பு காணப்பட்டது. ஆகவே, திறமை உண்டு என்பது அவர்கள் முடிவு.

எனினும் போக்கருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. போக்கர் ஆடுபவன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கைகளை ஆடலாம்; ஒவ்வொரு கையிலும் பலமுறை தீர்மானம் செய்யலாம். கற்பனை அணிக்காரனோ, அணியைக் குறித்துக் கொடுத்த பின்னர் கைகட்டி நிற்பவன். அவன் தலைவராகக் குறித்த வீரர் முதற்பந்திலே ஆட்டமிழக்கலாம். மழை வந்து ஆட்டம் தடைப்படலாம். ஒரு பருவத்தில் நடைபெறும் போட்டிகளோ எண்ணிச் சொல்லக்கூடியவை. ஆகவே, அதிர்ஷ்டம் அடங்குவதற்கு ஆண்டுகள் பல செல்லும். மேலும், இருவர் மட்டும் மோதும் போட்டியும் இலட்சக்கணக்கானோர் சேர்ந்து முதற்பரிசை நாடும் போட்டியும் ஒன்றல்ல. பின்னையதில் முதலிடம் பெறுவதற்கு அறிவு மாத்திரம் போதாது. லொத்தர்க்காரனுக்கு வேண்டிய நற்பேறும் உடன் வேண்டும்.

நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

அறிவா, அதிர்ஷ்டமா என்னும் வினா நீதிமன்றங்களையும் நெடுங்காலமாக அலைத்துவந்துள்ளது. அதிர்ஷ்ட ஆட்டத்திற் பணம் வைப்பது சூதாட்டம், திறமை ஆட்டத்தில் வைப்பது சூதாட்டமன்று என்பது பல நாட்டுச் சட்டங்களின் அடிப்படை. சீட்டுகள் விழும் வகையை நினைவில் வைத்து, எதனைக் கொள்வது எதனைக் கழிப்பது எனத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என 1967 இல் இந்திய உயர் நீதிமன்றம் கூறிற்று. 1996 இல் குதிரைப் பந்தயத்துக்கும் அது அவ்வாறே தீர்ப்பளித்தது. அவ்வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. 2012 இல் நியூயோர்க்கில் ஒரு நீதிபதி போக்கர் திறமை ஆட்டமே என்றார். மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. கற்பனை அணி ஆட்டம் திறமை ஆட்டம் என்பதனை நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2022 இல் ஏற்றுக்கொண்டது. இந்திய நாடாளுமன்றமோ 2025 ஓகஸ்ற் மாதத்தில், இணையத்திற் பணம் வைத்து ஆடுவது திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும் ஆகாது எனச் சட்டம் இயற்றிற்று.

ஆட்டத்தை நடத்துவோர் இத்தீர்ப்புகளில் தமக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொண்டு, ‘இது திறமை ஆட்டம்’ என்று விளம்பரம் செய்வதுண்டு. அதனைப் படிக்கும் இளைஞன், ‘அங்ஙனமாயின் இது சூது அன்று, அஞ்சவேண்டியதில்லை’ என எண்ணுகின்றான். இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும்.

சகுனியும் நளனும்

பாரதத்திலே சகுனி சொல்வதாக வரும் செய்தியொன்றை நினைவுகூர்வோம். தருமனுக்குச் சூதில் விருப்பம் உண்டு, ஆனால் ஆடத் தெரியாது என்று கணித்தே அவன் அழைப்பு அனுப்பச் செய்கின்றான். அந்தச் சூது வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாக இருந்திருந்தால் தருமனுக்கும் வெல்ல இடம் இருந்திருக்கும். அஃது ஒருபக்கம் மட்டும் திறமை உள்ள ஆட்டமாக இருந்தமையாலேயே அவன் நாட்டை இழந்தான்.

வனத்திலே வருந்தியிருந்த தருமனுக்குப் பிருகதசுவர் என்னும் முனிவர் நளன் கதையைக் கூறுகின்றார். சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாகின்றான். வழியிலே ஒரு தான்றிமரத்தைக் கண்ட அரசன், அதன் இரு கிளைகளிலும் உள்ள காய்கள் 2,095 எனக் கணித்துக் கூறுகின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கக் கணக்குச் சரியாக இருக்கின்றது. தான்றிக்காய்தான் அக்காலத்துச் சூதுகாய் என்பது ஈண்டு அறியத்தக்கது. எண்ணின் வித்தையும் சூதின் வித்தையும் ஒன்றாகவே தன்னிடம் உள்ளன என்கிறான் அரசன். நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொள்கின்றான். பாஸ்கலும் பெர்மாவும் 1654 இற் கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்தைத் தொடங்குவதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே, சூதில் வெல்வது கணக்கறிவு என்னும் எண்ணம் நம் கதையில் இடம்பெற்றிருத்தலை, இயன் ஹாக்கிங் என்னும் கனேடிய அறிஞர் 1975 இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

கதையை முடித்த முனிவர் தருமனுக்கும் அவ்வித்தையைக் கற்பிக்கின்றார். தோற்றவனுக்கு அவர் கொடுத்தது ‘விதியை நோகாதே’ என்னும் ஆறுதல் மட்டுமன்று. தான் கற்காத ஆட்டத்தில் நாட்டையே பணயம் வைத்தான் என்பதை உணரச் செய்யும் பாடமுமாகும்.

கணக்குக் கூறும் எச்சரிக்கை

ஓர் ஆட்டத்திற் திறமை உண்டு என்பதன் பொருள் யாது? திறமை உள்ளவன் தொடர்ந்து வெல்வான் என்பது. அவன் வெல்லும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. திறமை குறைந்தவனிடமிருந்தே வருகின்றது. எனவே, ‘திறமை ஆட்டம்’ என்பது பயின்று தேறியவனுக்கு வாழ்த்து; பயிலாதவனுக்கு எச்சரிக்கை. 2015 ஆம் ஆண்டு பேஸ்போல் பருவத்தின் முற்பாதியில், நாட்கணக்கில் நடந்த கற்பனை அணிப் போட்டிகளை ஆராய்ந்தபோது, ஆடியோர் பெற்ற இலாபத்தில் நூற்றுக்கு 91 பங்கு, நூற்றுக்கு 1.3 பேரிடமே சென்றமை தெரியவந்தது.

அன்றியும், ஆட்டத்தை நடத்துவோர் தம் பங்கை முன்னரே எடுத்துக்கொள்வர். முன்பு நாம் கூறிய 55 வீதக்காரனையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். இருவரும் தலைக்கு 100 ரூபா வைக்கின்றனர். நடத்துவோர் பத்திலொன்றைக் கழித்து, வென்றவனுக்கு 180 ரூபா கொடுக்கின்றார். நூறு ஆட்டங்களில் நம்மவன் 55 இல் வென்று, ஒவ்வொன்றிலும் 80 ரூபாவாக 4,400 ரூபா பெறுகின்றான். 45 இல் தோற்று 4,500 ரூபா இழக்கின்றான். எதிரியிலும் திறமைசாலியாக இருந்தும், முடிவில் 100 ரூபா நட்டம்! சமநிலை எய்துவதற்கே அவன் நூற்றுக்கு 55.6 ஆட்டங்களில் வெல்லவேண்டும். இருவரும் ஆட ஆட உறுதியாகச் செல்வம் சேர்ப்பவர் மேசைக்குச் சொந்தக்காரர் மாத்திரமே.

இவ்வாறாயின், திறமையற்றோர் ஏன் விலகிவிடுவதில்லை? இங்கேதான் அதிர்ஷ்டம் தன் தொழிலைச் செய்கின்றது. சதுரங்கத்திற் கற்றவனோடு மோதும் கல்லாதவன் பத்து முறையும் தோற்பான். தன் நிலையை உணர்ந்து எழுந்து போவான். போக்கரிலோ அவன் பத்தில் நான்கு முறை வென்றுவிடலாம். அந்த வெற்றிகளைத் தன் அறிவென்றும், தோல்விகளை விதியென்றும் எண்ணி மேசையிலேயே இருப்பான். 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர், நூறு டொலருக்கும் குறைந்த பணத்தோடு இணையவழி நுழைந்து, உலகப் போக்கர் போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். அவ்வாண்டு 839 பேர் பங்குபற்றிய அப்போட்டிக்கு மறு ஆண்டு வந்தோர் 2,576 பேர். ஒருவர் வென்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. தோற்றுத் திரும்பியோர் கதைகள் எவர் செவிக்கும் எட்டவில்லை. திருவள்ளுவர் ‘சூது’ என ஓர் அதிகாரம் வகுத்து, வெற்றி கிட்டுமாயினும் அதனை விரும்பற்க எனத் தொடங்கியதன் நுட்பம் இப்பொழுது விளங்கும். மனிதனைக் கட்டிப்போடுவது தோல்வியன்று. இடையிடையே வரும் வெற்றி.

ஆகவே, பிள்ளை ஒருவன், ‘இது திறமை ஆட்டந்தானே’ என்று கூறுமிடத்து, பெற்றோர் அதனை மறுத்து வாதாட வேண்டியதில்லை. ‘ஆம், அப்படியானால் திறமை யாரிடம் இருக்கின்றது? உன்னிடமா, முகம் தெரியாத எதிரியிடமா? இதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றின் வரவு செலவையும் எழுதி வைத்திருக்கின்றாயா?’ என்று வினவுதல் போதும். வென்றவற்றை நினைவு தானே சேமித்து வைக்கும். தோற்றவற்றை எழுத்துத்தான் சேமித்து வைக்கும். அவ்வேட்டைப் பார்த்த பின்னரும் ஆடத் துணிபவர் மிகச் சிலரே.

மாணவர்க்கு இவ்வாட்டங்களிலிருந்து கொள்ளத்தக்க நன்மையும் ஒன்று உண்டு. முடிவைக் கொண்டு மட்டும் ஒரு செயலை மதிப்பிடலாகாது என்பதே அது. நன்றாக எண்ணித் துணிந்த செயல் ஒருமுறை தவறலாம்; எண்ணாது செய்த செயல் ஒருமுறை பலிக்கலாம். தவறிய நல்வழியைக் கைவிடாமலும், பலித்த தீவழியைப் பற்றாமலும் இருக்கக் கற்றவனே நிகழ்தகவைக் கற்றவன். இதனைக் கற்பதற்குப் பணம் வைத்து ஆடவேண்டும் என்பதில்லை. ஒரு கட்டுக் கடதாசியும், நான்கு நண்பரும், புள்ளி குறிக்க ஒரு கொப்பியும் போதும். அறிவின் இன்பம் அத்தனையும் அங்கே உண்டு. எழுந்து செல்லும்போது எவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கமாட்டாது.